சக்கரவர்த்தியின் தோட்டத்தில் ஒரு படையல்

1. காக்கா எந்தப் பக்கம்?

"ஏம்மா கனகம், இங்க காக்கா எந்தப் பக்கம் இருக்கும்?"

பெய்ஜிங்கில் ஒரு ஹோட்டல் லாபி. காலை உணவுக்கு எங்கள் குழு தட்டோடு வரிசையில் நிற்கிறது. கோவிந்தராசு மட்டும் தட்டில்லாமல் என்னிடம் வந்து இதைக் கேட்டார். அதுவரை பேன்ட்டில் திரிந்த மனிதர், அன்று குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி நின்றார். வரவேற்பு மேசைப் பெண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காக்காயா? எதுக்குங்கய்யா?"

"இன்னிக்கு சரோஜாவுக்குத் தலைத் திவசம்."

சரோஜா அவர் மனைவி. போன ஆண்டு ஆடி மாதக் கடைசியில் தவறிப்போனவர். பயணத்துக்குப் பணம் கட்ட வந்த மகள், செல்போன் காலண்டரைப் பார்த்து, "ஊருக்குத் திரும்பி வந்தப்புறந்தான் அம்மாவோட நாள் வருது" என்று சொல்லியிருந்தாள். இங்கிலீஷ் தேதி அப்படித்தான் சொல்லும். திதி அப்படி நிற்காது. அது நிலாவோடு நடக்கிறது, ஒவ்வொரு வருடமும் இடம் மாறி உட்காருகிறது. இந்த முறை பத்துப் பன்னிரண்டு நாள் முன்னாலேயே வந்து, எங்கள் பயணத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டது.

"முன்னாடியே தெரியுமாங்கய்யா ஒங்களுக்கு?"

"விசா வந்தன்னிக்கே பஞ்சாங்கத்துல பாத்துட்டேன். சொன்னா பொண்ணு டிக்கெட்ட கேன்சல் பண்ணச் சொல்லும். சரோஜா பாக்கணும்னு ஆசப்பட்ட ஊரும்மா இது. அவளுக்கு இங்கயே படைச்சுடலாம்னு எள்ளு, அரிசி, பருப்பு எல்லாம் எடுத்தாந்துட்டேன். காக்காதான... காக்கா இல்லாத ஊரு உண்டா உலகத்துல?"

இந்தத் தப்பை எங்கள் ஊர்க்காரர் ஒருவரால்தான் செய்ய முடியும். எங்கள் காரைக்காலிலிருந்து கூப்பிடு தூரத்தில் திருநள்ளாறு. சனீஸ்வரன் ஊர். அவருடைய வாகனம் காக்கை. எங்கள் பக்கம் மதில், மரம், டிவி ஆன்டெனா, நின்றுகொண்டிருக்கிற பஸ்ஸின் கூரை, எங்கே பார்த்தாலும் அது இருக்கும். யாரும் கல் எடுக்க மாட்டார்கள். சோற்றை வைத்துவிட்டு ஒரு குரல் கொடுத்தால் நான்கைந்து வந்து சேரும். வெயில், காற்று, காக்கை என்று மூன்றையும் ஒன்றாகவே நினைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். வெளிநாட்டுக்குப் போனால் அரிசி கிடைக்குமா என்று கேட்போம். காக்கை கிடைக்குமா என்று கேட்கத் தோன்றவே தோன்றாது.

அவித்த முட்டையும் ரொட்டியுமாகத் தட்டோடு வந்தார் சிவசாமி. சரோஜாவின் அண்ணன். கோவிந்தராசுக்கு மச்சான்.

"என்ன மாப்ள, மாப்பிள்ள கோலத்துல நிக்கிறீங்க? பொண்ணு பாத்துட்டீங்களா இங்க?"

"இன்னிக்குத் திவசம் மச்சான். தங்கச்சி திதி தெரியாதா ஒங்களுக்கு?"

சிவசாமியின் தட்டு மெல்ல இறங்கியது. முட்டையைப் பார்த்தார். அதை அப்படியே பக்கத்து மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "சுகர் மாத்திரை?"

"விடியக்காலயிலயே போட்டாச்சு."

"எதுவும் சாப்புடாமயா?"

"காக்கா எடுத்தப்பறந்தான் நமக்கு."

மாத்திரை உள்ளே போய்விட்டது. சோறு உள்ளே போகாது. அன்றைய நாள் முழுக்க என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது இந்த ஒன்றுதான்.

2. பாய் சொல்லிக்கொடுத்தது

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். காரைக்காலில் கோவில்பத்துப் பகுதியில் வீடு. காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டிராவல்ஸ் ஆபீஸில் டிக்கெட் போடுகிற பெண்ணாகச் சேர்ந்தேன். பாரிஸில் பேரன் பேத்தி பார்க்கப் போகிற பிரெஞ்சுப் பென்ஷன் வீட்டுக்காரர்கள், வளைகுடாவுக்குக் கிளம்புகிற பையன்கள், உம்ராவுக்கு மக்கா போகிறவர்கள் என்று எல்லோருக்கும் டிக்கெட் போட்டேன். ஊர் ஊராக மற்றவர்களை அனுப்பிக்கொண்டே இருந்தால் உள்ளங்கால் அரிக்காதா? எனக்கு அரித்தது. நாற்காலியில் உட்கார்ந்தே இருக்க முடியாத பிறவி நான். ஒரு நாள் முதலாளியிடம் போய், "பாய், நானும் குழுவோட போறேன்" என்றேன்.

"போயேன். ஒன்ன யாரு கட்டிப் போட்டா?" என்றார் பாய். "ஆனா ஒண்ணு கேட்டுக்க. கொடி புடிச்சிக்கிட்டு முன்னாடி நடக்குறவன் கைடு. நீ பின்னாடி நடக்கணும். கடைசியா வர்ற ஆளு யாருன்னு பாத்துக்கிட்டே இருக்கணும். டூர் மேனேஜர்னா அதான் வேல."

இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைகள் பலர் எனக்கு மெசேஜ் அனுப்பி, எந்தக் கோர்ஸ் படிக்கலாம் அக்கா என்று கேட்கிறார்கள். கோர்ஸ் படியுங்கள், நல்லதுதான். ஆனால் என் சூட்கேஸில் பாதிக்கு மேல் என்ன இருக்கும் தெரியுமா? சின்ன எலெக்ட்ரிக் ரைஸ் குக்கர், பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், சுக்கு, ஓமம், வெல்லம். எங்கள் டெல்டா ஆட்கள் சீனப் பெருஞ்சுவரைப் பார்த்து வாய் பிளப்பார்கள். மதியத்துக்கு ரசம் இல்லையென்றால் அந்தப் பெருஞ்சுவர் மதிப்பிழந்துவிடும்.

அன்று அந்தக் குக்கரைத்தான் திறந்தேன். பக்கத்துக் கடையில் உருளைக்கிழங்கு கிடைத்தது. வாழைக்காய் கிடைக்கவில்லை. ஹோட்டல் அறையில் சோறு வடித்து, பருப்பு கடைந்து, கிழங்கை வேகவைத்து மிளகு போட்டேன். வடைக்கு வழியில்லை. பாயசத்துக்குப் பதில் ஒரு கட்டி வெல்லம். சிவசாமி கதவோரம் நின்று, "எந் தங்கச்சிக்கு மொளகு காரம் ஆவாதும்மா, கொஞ்சமா போடு" என்றார்.

ஹோட்டலுக்குப் பின்னால் ஒரு பிடி சோறு வைத்துப் பார்த்தோம். குப்பைத் தொட்டி, கார் நிறுத்துமிடம், சிட்டுக்குருவி. அவ்வளவுதான். மிச்சத்தை டிபன் கேரியரில் கட்டி எடுத்துக்கொண்டேன்.

எங்கள் உள்ளூர் கைடு, திருமதி குவான், பஸ்ஸோடு வந்து சேர்ந்தார். என் வயதுதான் இருக்கும். கட்டை முடி, வேகமான நடை, சிரித்தால் கண் காணாமல் போகும். எங்கள் ஆட்கள் முதல் நாளே அவரைக் "குவானம்மா" ஆக்கிவிட்டார்கள். அவர் பேசியது ஆங்கிலம். அதை என் தமிழில் தருகிறேன். விஷயத்தைச் சொன்னதும் தலை சாய்த்து யோசித்தார்.

"காக்கையா? எங்கள் ஊரில் குளிர்காலம் என்றால் வானம் கருக்கும் அளவுக்கு வரும். இது கோடை. ஆனால் இன்றைக்கு நாம் போவது பெரிய தோட்டம். தண்ணீர் இருக்கிறது, மரம் இருக்கிறது. போய்ப் பார்ப்போம்."

3. எரிந்த தோட்டம்

யுவான்மிங்யுவான். முன்னாளில் சீனச் சக்கரவர்த்திகளின் தோட்டம். தோட்டம் என்றால் பூச்செடியும் புல்தரையும் என்று நினைத்து வந்தவர்கள் வாசலிலேயே திகைத்தார்கள். கண்ணுக்கு எட்டியவரை ஏரி. ஏரிக்குள் ஏரி. ஏரி முழுக்கத் தாமரை. இலை ஆள் உயரத்துக்கு எழும்பி, காற்று வரும்போது அடிப்பக்கத்து வெளிறிய பச்சையைக் காட்டித் திரும்புகிறது. ஆடி மாதத்தில் நம் பக்கம் வாய்க்கால் காய்ந்து, கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று மேற்கைப் பார்த்துக்கொண்டிருப்போம். அங்கே அதே ஆடியில் இவ்வளவு தண்ணீர் சும்மா அழகுக்காக நிற்கிறது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

குவான் நடந்துகொண்டே சொன்னார். இங்கே ஒரு காலத்தில் ஒன்றுமில்லை, சமதரை. ஏரியை வெட்டினார்கள். வெட்டிய மண்ணைக் குன்றாகக் குவித்தார்கள். தென்சீனத்துக்குப் போன சக்கரவர்த்தி அங்கே எந்தத் தோட்டத்தைப் பார்த்து மயங்கினாரோ அதே மாதிரி ஒன்றை இங்கே வந்து கட்டிக்கொண்டார். நகரத்து அரண்மனையில் மதிலும் சடங்கும் மூச்சு முட்டும். அதனால் ஆண்டின் பெரும்பகுதியை இங்கேதான் கழித்தார்கள். கடைத்தெரு மாதிரி ஒன்றைக் கட்டி, அரண்மனைப் பணியாட்களையே வியாபாரிகளாக நிற்கவைத்து, சக்கரவர்த்தி பேரம் பேசி விளையாடுவாராம்.

"வயலும் இருந்தது" என்றார் குவான். "நெல் வயல். உழுவதையும் நடுவதையும் அறுப்பதையும் சக்கரவர்த்தி மண்டபத்திலிருந்து பார்ப்பார்."

நான் தமிழில் சொன்னதும் எங்கள் ஆட்களிடையே ஒரு கலகலப்பு.

"மேட்டுல ஒக்காந்து நடவு பாத்தாரா?" என்றார் சிவசாமி. "நம்ம மாப்ள மாதிரி!"

"நான் எறங்கி நாத்துப் பறிப்பேன் மச்சான். நீங்கதான் கொடையப் புடிச்சிக்கிட்டு வரப்புல நிப்பீங்க." கோவிந்தராசு மின்துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு வெளியே தருமபுரத்தைத் தாண்டிப் பத்து மா நிலம், மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். வேலையில் இருந்தபோதும் விடுமுறை எல்லாம் வயலில்தான். பசியிலும் அவர் கண் மதகைத் தேடியது. "ஏம்மா, இந்த ஏரிக்குத் தண்ணி எங்கேருந்து வருதாம்? கடைசி கொளத்துக்கும் போய்ச் சேருதா, இல்ல மேல உள்ளவன் அடைச்சுப்புடுவானா?"

குவானிடம் கேட்டுச் சொன்னேன். மேற்கு மலைப் பக்கம் ஊற்றுகள். தண்ணீர் போதாத காலத்தில் இந்தத் தோட்டத்துக்குத் திருப்பிவிட்டுத்தான் மற்ற இடத்துக்கு. கோவிந்தராசு தலையாட்டினார். "கடைமடைக்காரன் பாடு எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்."

பிறகு அந்த இடம் வந்தது. புல்லுக்கு நடுவே வெள்ளைச் சலவைக்கல் தூண்கள். சில நிற்கின்றன, பல சாய்ந்து கிடக்கின்றன. ஐரோப்பியப் பாணியில் சக்கரவர்த்தி ஆசையாகக் கட்டிய மாளிகைகளும் நீரூற்றுகளும். இப்போது உடைந்த கல்லில் செதுக்கிய பூ மட்டும் பூத்தபடியே கிடக்கிறது. குவானின் குரல் தாழ்ந்தது. பிரிட்டிஷ் படையும் பிரெஞ்சுப் படையும் வந்தன. எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். பிறகு பிரிட்டிஷ்காரர்கள் நெருப்பு வைத்தார்கள். நாள்கணக்கில் எரிந்தது. மரத்தால் கட்டியதெல்லாம் போயிற்று. கல் மட்டும் தப்பியது.

நான் மொழிபெயர்த்து முடிக்கும்முன் சிவசாமி என் காதருகே வந்தார். "ஏம்மா, நாம பிரெஞ்சுக்காரன் இருந்த ஊருன்னு அந்தம்மாட்ட சொல்லிப்புடாத. வெளில நிப்பாட்டிடப் போவுது."

குவான் என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். மறைக்கத் தோன்றவில்லை. சொன்னேன். அவர் கண்கள் சிரிப்பில் காணாமல் போயின.

"உங்கள் ஊரிலும் இருந்தார்களா? என்ன விட்டுவிட்டுப் போனார்கள்?"

சிவசாமி யோசித்தார். "தெருவுக்குப் பேரும், நாலு பேருக்குப் பென்ஷனும் விட்டுட்டுப் போனாங்கன்னு சொல்லும்மா."

குவான் சத்தமாகவே சிரித்தார். நானும் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் எல்லோருக்கும் பின்னால், சாய்ந்த தூண் ஒன்றைப் பிடித்தபடி கோவிந்தராசு நின்றிருந்தார். நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து புருவத்துக்கு வந்திருந்தது. வெயில் அவ்வளவு இல்லை.

4. கருப்பாக ஒரு பறவை

கை நடுங்குகிறதா என்று விரல்களைப் பிடித்துப் பார்த்தேன். நடுங்கியது. சர்க்கரை இறங்குகிறது. வெல்லத்தைக் கிள்ளி நீட்டினேன். வாயை இறுக்கிக்கொண்டார். பச்சைக் குழந்தை மாதிரி.

"இங்கே நிறுத்திவிடலாம்" என்றார் குவான். "மிச்சக் கதையை நான் பஸ்ஸில் சொல்கிறேன்."

அவர் அட்டவணையில் அடுத்தது பட்டுக் கடை. குறித்த நேரத்துக்குக் குழுவைக் கொண்டுபோகாவிட்டால் அவருடைய ஆபீஸில் கேள்வி வரும். அது எனக்கும் தெரியும். அவர் போனை எடுத்து ஏதோ சொல்லிவிட்டுப் பைக்குள் போட்டார். "கடைக்கு இன்றைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன்."

வழியில் ஒரு பெண் தாமரை இலையும் தாமரைக் காயும் விற்றுக்கொண்டிருந்தாள். குவான் பெரிய இலையாகப் பார்த்து வாங்கினார். வாழையிலை இல்லாத குறை அங்கே தீர்ந்தது. ஏரிக்கரையில் கூட்டமில்லாத ஒரு மூலை. தட்டையான ஒரு பாறை. கோவிந்தராசு இலையைக் கழுவி விரித்தார். சோறு, பருப்பு, கிழங்கு, வெல்லம். செல்போனில் சரோஜாவின் படத்தை எடுத்து இலைக்கு முன் சாய்த்து வைத்தார். அது ஐந்து விநாடிக்கு ஒருமுறை அணைந்துகொண்டே இருந்தது. சிவசாமி பக்கத்தில் உட்கார்ந்து விரலால் தட்டித் தட்டித் தங்கச்சியை எழுப்பிக்கொண்டிருந்தார்.

எள்ளும் தண்ணீரும் இறைத்துக் கும்பிட்டு முடித்து, ஒரு பிடி சோற்றைப் பாறையின் மறுநுனியில் வைத்தார். பிறகு வானத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"கா... கா... கா..."

ஏரியில் படகு விட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். ஒரு குழந்தை அதே மாதிரி கூப்பிட்டுப் பார்த்தது. வானம் வெறுமையாக இருந்தது.

தாமரைத் தண்டுகளை விலக்கிக்கொண்டு ஒன்று வந்தது. கரிய உடல், வளைந்த நீளக் கழுத்து, சிவந்த அலகு. கருப்பு அன்னம். அந்த ஏரியில் அவை குடும்பமாக இருக்கின்றன.

"மாப்ள, கருப்பா இருக்கு. பறவையா இருக்கு. சக்கரவர்த்தி வீட்டுல காக்காய்க்கு வசதி ஜாஸ்திபோல. பேசாம இதுக்கே போட்டுடுங்க."

"சும்மா இருங்க மச்சான்!"

காவலாளி ஒருவர் விசிலோடு ஓடிவந்தார். அன்னத்துக்கு உணவு போடக்கூடாது என்று பலகை இருக்கிறது. குவான் எழுந்து போய் அவரிடம் பேசினார். என்ன சொன்னாரோ, காவலாளி வேட்டியைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், சாய்ந்திருந்த போனில் சரோஜாவின் முகத்தைப் பார்த்தார். அன்னத்தை மட்டும் கைதட்டித் தூரமாக ஓட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

அப்போது பக்கத்தில் கிளை தாழ்ந்து தொங்கிய வில்லோ மரத்தில் ஒரு கரகரப்பு. இரண்டு பறவைகள். தலையும் முதுகும் கருப்பு, வயிறு வெள்ளை, நீள வால். தலையைச் சாய்த்துச் சாய்த்துச் சோற்றைப் பார்த்தன.

"அது என்னாம்மா?"

"மேக்பைங்கய்யா. இங்க நெறைய இருக்கும்."

"வெள்ள இருக்கே." முகம் வாடிவிட்டது. "அது காக்கா இல்லம்மா."

குவானிடம் சொன்னேன். அவர் புல்லில் மண்டி போட்டு கோவிந்தராசுக்கு நேராக உட்கார்ந்தார்.

"ஐயாவிடம் சொல்லுங்கள். இந்தத் தோட்டத்தைக் கட்டிய சக்கரவர்த்திகள் மஞ்சு இனம். என் அப்பா வழியும் அதுதான். எங்கள் முன்னோர் ஒருவரைக் கொல்ல ஆட்கள் துரத்தினார்களாம். அவர் அசையாமல் நின்றார். பறவை வந்து அவர் தலைமேல் உட்கார்ந்தது. பட்டமரம் என்று நினைத்துத் துரத்தியவர்கள் போய்விட்டார்கள். சிலர் காக்கை என்பார்கள், சிலர் இந்தப் பறவை என்பார்கள். அதனால் அரண்மனை முற்றத்தில் கம்பம் நட்டு, உச்சியில் உணவு வைப்பார்கள். இரண்டும் வந்து தின்னும். இரண்டும் ஒரே குடும்பம். எங்கள் அப்பா ஒருநாளும் இரண்டையும் விரட்ட விட்டதில்லை."

"ஒரே குடும்பம்" என்பதை எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் நின்றேன். "காக்காவும் இதுவும் பங்காளிங்களாம்யா" என்றேன்.

"பங்காளியா?" என்றார் சிவசாமி. "அப்ப ஒரு எலையில தின்னாதே!"

கோவிந்தராசு சிரிக்கவில்லை. குவானைப் பார்த்துக் கும்பிட்டார். "அவங்க வழக்கம் அவங்களுக்கு. சரோஜாவுக்கு இது தெரியாதேம்மா. அவ காக்காயாத்தான் வருவா. வரமாட்டேங்கிறான்னா எம்மேல கோவமாத்தான் இருக்கா."

5. சத்தியங்கள்

காக்கை சோறு எடுக்காவிட்டால் எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு. இறந்தவருக்கு ஏதோ குறை இருக்கிறது என்று பொருள். உயிரோடு இருப்பவர்கள் இலைக்கு முன் நின்று, இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்வார்கள். சரியான குறையைத் தொட்டதும் காக்கை இறங்கும் என்பார்கள். தஞ்சாவூர் நாகப்பட்டினம் காரைக்கால் பக்கத்துக் காக்கைகள் எத்தனையோ குடும்ப வழக்குகளை இப்படித் தீர்த்து வைத்திருக்கின்றன.

கோவிந்தராசு எழுந்து நின்றார். நான் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"சரோஜா, ஒன் நகைய ரெண்டு பொண்ணுக்கும் சரிபாதியாக் குடுத்துடுறேன்."

பறவைகள் கிளை மாறி உட்கார்ந்தன.

"கொல்லயில உள்ள வேப்பமரத்த வெட்டல. வீடு எடுத்துக் கட்டுனாலும் அத விட்டுத்தான் கட்டுவேன்."

காற்று மட்டும் வந்தது. தாமரை இலைகள் திரும்பி வெளுத்தன.

"குலதெய்வத்துக்கு நீ நேந்துக்கிட்ட பொங்கல... தை பொறந்ததும் வச்சுடுறேன். இன்னும் என்னா? சொல்லேன். எது கேட்டு நான் செய்யல?"

குரல் உடைந்துவிட்டது. காவலாளிகூடத் தொப்பியைக் கையில் எடுத்திருந்தார். குவான் என்னிடம் மெல்லக் கேட்டார், அவர் யாரிடம் பேசுகிறார் என்று. மனைவியிடம் என்றேன்.

"மாப்ள." சிவசாமி பாறையிலிருந்து எழவில்லை. போனைத் தட்டிக்கொண்டேதான் பேசினார். இப்போது அந்தக் குரலில் கிண்டல் இல்லை. "நகை, மரம், பொங்கல்... இதெல்லாம் அவ எப்ப ஒங்ககிட்டக் கேட்டா?"

"பின்ன?"

"எந் தங்கச்சி ஒங்கள்ட்டக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். நேரத்துக்குச் சாப்புட வாங்கன்னு. லைன் வேலன்னு போவீங்க. வயல்ல மடை திறக்கணும்பீங்க. மதியச் சோறு சாயங்காலம் ஆவும். அதுவரைக்கும் அவ பச்சத்தண்ணி குடிச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பா. நான் எத்தன தடவ வந்து பாத்திருக்கேன். சாப்புடேன்டின்னா, அவுங்க வரட்டும்ணேம்பா. வயித்துல புண்ணு வந்ததே அதுனாலதான். காலம்பூரா ஒங்களுக்காகக் காத்துக் கெடந்தா. இன்னிக்கு அவளுக்காக நீங்க பட்டினி கெடக்குறீங்க. இதப் பாத்தா அவ எப்படி மாப்ள எறங்கி வருவா?"

கோவிந்தராசு அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். போன் அணைந்தது. சிவசாமி தட்டினார். சரோஜா மறுபடி வந்தார். கல்யாண வீடு ஒன்றில் எடுத்த படம், யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி வாய் பாதி திறந்திருந்தது.

"இனிமே காக்க வைக்கல" என்றார் கோவிந்தராசு. யாருக்கும் கேட்காத மாதிரிதான் சொன்னார். "வேளைக்குச் சாப்புடுறேன் சரோஜா."

"எப்பேலேருந்து?" என்றார் சிவசாமி.

கோவிந்தராசு வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார்.

"எப்பேலேருந்து மாப்ள? தை பொறந்தா?"

கோவிந்தராசு மச்சானைப் பார்த்தார். பிறகு இலையைப் பார்த்தார். கை நீண்டது, நின்றது, மறுபடி நீண்டது. காக்கை தொடாத இலையிலிருந்து ஒரு கைப்பிடி சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். மெல்ல முடியாமல் மென்றார். கண்ணிலிருந்து வழிந்தது வழிந்தபடி இருக்க, இன்னொரு பிடி. நான் வெல்லத்தை உடைத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அதையும் போட்டுக்கொண்டார்.

அப்புறம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பசித்தது. டிபன் கேரியரைத் திறந்தேன். புல்லில் வட்டமாக உட்கார்ந்தோம். குவான் சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிடக் கற்றுக்கொண்டு, விரலிடுக்கில் பாதி சிந்தி, எங்கள் பெண்கள் எல்லோரையும் சிரிக்கவைத்தார். காவலாளி கிழங்கு ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். பாறைப் பக்கம் யாரும் பார்க்கவில்லை. அதனால்தான் துணிந்தனவோ என்னவோ, இறக்கை அடிக்கிற சத்தம் கேட்டுத் திரும்பினால், இரண்டு பங்காளிகளும் இறங்கி ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு சோற்றைக் கொத்திக்கொண்டிருந்தன.

எல்லோரும் கோவிந்தராசைப் பார்த்தோம். அவர் அந்த வெள்ளை வயிற்றுப் பறவைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தின்னட்டும்" என்றார். "ஏம்மா கனகம், ஊறுகா வச்சிருக்கியா? இன்னுங் கொஞ்சம் சோறு போடு."

6. பின்னால் நடப்பவள் கற்றது

அந்தத் தோட்டத்தில் நாங்கள் பார்க்காமல் விட்டது ஏராளம். பன்னிரண்டு விலங்குத் தலைகளோடு நேரம் காட்டிய நீர்க்கடிகாரம் இருந்த இடம், செங்கல் சுவர்களால் ஆன புதிர்வழி, எதையும் பார்க்கவில்லை. குவான் சொன்னபடியே மிச்சக் கதையைப் பஸ்ஸில் சொன்னார். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் உண்ட மயக்கத்தில் தூங்கிவிட்டார்கள். கோவிந்தராசு முன் இருக்கையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். நாள்கணக்கில் எரிந்ததே, அப்போது அந்தத் தாமரைக் குளமெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்கச் சொன்னார். பிற்பாடு குளங்கள் தூர்ந்துபோய், ஜனங்கள் அதில் நெல் நட்டு வாழ்ந்தார்கள் என்றார் குவான். "பரவால்ல" என்று சொல்லிக் கோவிந்தராசு சாய்ந்துகொண்டார்.

பட்டுக் கடைக்குப் போகாததற்குக் குவானுக்கு ஆபீஸில் திட்டு விழுந்தது. எனக்கும் விழும் என்றுதான் நினைத்தேன். ஊர் திரும்பிப் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தாளு சாப்புட்டாருல்ல? அப்பறம் என்னா. போயி அடுத்த குரூப்புக்கு விசாவப் பாரு."

இப்போது பயணத்துக்குப் பெயர் கொடுக்க வருகிறவர்களிடம் பாஸ்போர்ட்டைக் கேட்கும் முன்பே நான் கேட்டுவிடுகிறேன்: அந்த நாள்களில் வீட்டில் திதி ஏதும் வருதா? பஞ்சாங்கத்தைப் பார்த்துட்டு வாங்க. ஆபீஸில் புதுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஒவ்வொரு நாளின் திட்டத்திலும் பெயரில்லாத ஒரு மணி நேரத்தைக் காலியாக விடுகிறேன். எதற்கு என்று கேட்கிறார்கள். என்ன வருமோ, அதற்கு.

சிவசாமியை அண்மையில் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பேச்சின் நடுவில் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். "சாப்டாச்சா மாப்ள? ... என்னா கொழம்பு? ... ம். சரி." வைத்துவிட்டார். தினமும் மதியம் இந்த ஒரு போன் மட்டும் தவறுவதில்லையாம்.

தம்பி தங்கைகளே, வரலாற்றை நன்றாகப் படித்துக்கொண்டு இந்த வேலைக்கு வாருங்கள். எந்த அரசர் எந்த ஏரியை வெட்டினார் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆனால் உங்கள் குழுவில் சாப்பிடாதவர் ஒருவர் இருந்தால், பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு முதலில் அவரிடம் போங்கள். சக்கரவர்த்திகள் காத்திருப்பார்கள். அவர்களுக்கு இப்போது வேறு வேலை இல்லை.